வில்லங்கம் பார்க்காமல் வாங்கிய வாசிப்புக் கருவி: 8,500 ரூபாய் போனது

கோபத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று மாலை மூன்றாவது முறையாக அந்தக் கடை வாசலில் நின்றுவிட்டு, கைப்பையில் அதே உயிரில்லாத கருவியோடு செங்கோட்டை ரயிலேறிக் கல்லிடைக்குறிச்சியில் வந்து இறங்கினேன். போனது 8,500 ரூபாய். கடையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் என்மேலேயே வழக்காகத் திரும்பும் என்று தெரிந்த வக்கீல் சொல்லிவிட்டார். திருநெல்வேலியில் பழைய செல்போன், டேப்லெட், மடிக்கணினி வாங்கி விற்கும் ஒரு கடை. அவ்வளவு போதும். பழைய கருவி வாங்க நினைப்பவர்களுக்காகக் கடைசியில் பத்து யோசனை எழுதுகிறேன்.

முதலில் என் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பதினெட்டு வருடமாகப் பத்திர எழுத்தர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மனை வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்கிற முதல் கேள்வி, "வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்களா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "பட்டா யார் பெயரில் இருக்கிறது?" இப்படிப்பட்ட நான், வேறு ஒருவர் பெயர் திரையிலேயே எழுதியிருந்த ஒரு பொருளைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்திருக்கிறேன்.

வாங்கியது மாமாவுக்காக. ஓய்வு பெற்ற தமிழாசிரியர், வயது எழுபத்தெட்டு. சர்க்கரை வியாதி விழித்திரையில் கைவைத்துவிட்டது. அச்சுப் புத்தகத்தை இப்போது பூதக்கண்ணாடி வைத்து ஒரு வரி, அரை வரியாகத்தான் வாசிக்கிறார். வீட்டில் பெரிய தொலைக்காட்சி இருக்கிறது, இணையம் இருக்கிறது, பிள்ளைகள் விடிய விடியத் தொடர் பார்க்கிறார்கள். மாமா அந்தப் பக்கமே திரும்பமாட்டார். செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் கண் கூசி நீர் வடிகிறது. அப்போதுதான் மின்மை (இ-இங்க்) திரை உள்ள வாசிப்புக் கருவியைப் பற்றி என் மகன் சொன்னான். எந்த நிறுவனம் செய்திருந்தாலும் நம் ஊரில் எல்லோரும் கிண்டில் என்றே சொல்லிவிடுகிற வகை. காகிதம் மாதிரியே தெரியும், வெயிலில் திண்ணையில் உட்கார்ந்தும் வாசிக்கலாம், எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கலாம். மதுரைத் திட்டம் என்ற தன்னார்வலர் குழுவினர் 1998 முதல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகவே கொடுத்து வருகிறார்கள் என்று கேட்டதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். புதிது வாங்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. அதனால்தான் பழையது.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்தது இங்கேதான்.

கடைக்கார அண்ணாச்சி மாமாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "சார்வாள், உட்காருங்கள்" என்று தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். இந்தக் காலத்தில் வாத்தியாரை யார் சார்வாள் என்று கூப்பிடுகிறார்கள்? மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. தேநீர் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து ஒரு கறுப்புக் கருவியை எடுத்து, சட்டைத் துணியால் திரையைத் துடைத்து, எழுத்தை மூன்று முறை பெரிதாக்கி மாமாவின் கையில் கொடுத்தார். உள்ளே முப்பது நாற்பது தமிழ்ப் புத்தகங்கள். மாமா ஒன்றைத் திறந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு முழுப் பத்தியைச் சத்தமாக வாசித்தார். தடங்கல் இல்லாமல் அவர் வாசித்து நான் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது. கடையில் நின்ற பையன்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் 20,000 கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அண்ணாச்சி 9,200 சொல்லி, "சார்வாளுக்காக 8,500, உறை இலவசம்" என்றார்.

வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் ஆங்காங்கே அடிக்கோடு இருந்தது. கீழே 62 விழுக்காடு என்று காட்டியது. "யாரோ நிதானமாக வாசிக்கிற ஆள்" என்றார் மாமா. திரையின் ஒரு மூலையில் அந்த ஆளின் பெயர். இன்னொரு மூலையில் சின்னதாக ஒரு விமானப் படம். பெயரைப் பற்றிக் கேட்டேன். "பழைய சொந்தக்காரர் பெயர் அக்கா. வீட்டுக்குப் போய் உங்கள் பெயரை மாற்றிக்கொள்ளலாம், இரண்டு நிமிட வேலை" என்றார். விமானத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

"சார்ஜ் பல நாள் நிற்கும்" என்றும் சொன்னார். அது உண்மை. இந்தத் திரை பக்கம் மாறும்போது மட்டும்தான் மின்சாரம் இழுக்கும். மாறாத பக்கம் சும்மாவே நிற்கும். அவர் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து, இரவு சாப்பாடு முடிந்து, மகன் அதை வைஃபையில் இணைத்தான். விமானப் படம் மறைந்தது. ஐந்து நிமிடம் இருக்கும். புத்தகங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மூலையில் இருந்த பெயர் போனது. கணக்கைப் பதிவு செய்யச் சொல்லி ஒரு திரை வந்து நின்றது. எங்கள் கணக்கைப் போட்டால் ஏற்கவில்லை. மகனுடையது, என்னுடையது, என் தங்கையுடையது எல்லாம் போட்டாயிற்று. பதிவு ஆகாமல் அடுத்த திரைக்கே விடவில்லை. மறுநாள் தயாரிப்பு நிறுவனத்தின் சேவை எண்ணில் பேசினோம். வரிசை எண்ணைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, இது தொலைந்துபோனதாக உரிமையாளர் தெரிவித்த கருவி, எந்தக் கணக்கிலும் பதிய முடியாது என்றார்கள். அவர்கள்மேல் குறையில்லை, திருடு போனவருக்கு அந்தக் காப்பு வேண்டியதுதான்.

இணையத்தில் இணைந்தால் குட்டு வெளிப்படும் என்பதால்தான் இணையத்தை அணைத்துவைக்கிற விமானப் பயன்முறையில் (ஏரோபிளேன் மோட்) வைத்தே விற்றிருக்கிறார்கள் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். திங்கட்கிழமை தொலைபேசியில்: "உங்கள் ஊரில் வைஃபை மெதுவாக இருக்கும் அக்கா, ராத்திரி முழுவதும் சார்ஜில் போட்டுவையுங்கள்." போட்டேன். செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து நேரில் போனேன். அண்ணாச்சி தென்காசிக்குப் போயிருக்கிறார் என்று பையன் சொன்னான். உள் அறையில் அவருடைய குரல் கேட்டது. வியாழக்கிழமை: "மெக்கானிக்கிடம் கொடுத்தால் திறந்துவிடுவார், 1,500 ஆகும்." 8,500 போதாதென்று இன்னும் 1,500! ஞாயிற்றுக்கிழமை நாற்காலி இழுத்துப் போட்ட அதே இடத்தில் என்னை முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார்கள்.

நேற்று, வெள்ளிக்கிழமை, அவரே அகப்பட்டார். பில்லை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாசித்துக் காட்டினார்: "பழைய டேப் 1, வாரண்டி இல்லை." கருவியின் பெயரும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. பத்திரத்தில் சர்வே எண் இல்லாவிட்டால் நான் கையெழுத்துப் போட விடுவேனா? அன்றைக்குப் பில்லை மடித்துப் பையில் வைத்தேனே தவிர, பிரித்துப் பார்க்கவில்லை. போலீசுக்குப் போவேன் என்றேன். அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை.

"தாராளமாகப் போங்கள் அக்கா. திருட்டுப் பொருள் இப்போது உங்கள் கையில்தானே இருக்கிறது?"

கடையில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு 8,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்தபோது கை நடுங்கியது. தெரியாமல் வாங்கியவள் குற்றவாளி ஆகமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நிமிடம் வாய் எழவில்லை.

ரயிலில் உட்கார்ந்துதான் இன்னொன்றைக் கவனித்தேன். ஸ்கேன் செய்து பணம் அனுப்பிய ரசீதில் இருப்பது கடையின் பெயர் இல்லை, யாரோ தனி ஆளின் பெயர்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று காலை புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, 2 வருடத்துக்குள் போனால் போதும். 8,500 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், அலைவேன்.

பத்து யோசனை என்று ஆரம்பத்தில் சொன்னேன். இப்போது அத்தனை எழுதப் பொறுமை இல்லை. விமானப் படத்தை அணைக்கச் சொல்லுங்கள். உங்கள் செல்போன் இணையத்தில் கடையிலேயே இணைத்து, உங்கள் கணக்கில் பதிவாகி, கால் மணி நேரம் ஓடிய பிறகு பணம் கொடுங்கள். வரிசை எண் இல்லாத பில்லை வாங்காதீர்கள். பணம் யார் பெயருக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். இன்னொன்று, இது மோசடி பற்றியதல்ல: பிடிஎஃப் கோப்பில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது, பக்கமே பெரிதாகி இந்தச் சின்னத் திரைக்கு வெளியே போய்விடும்; எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்கி வருகிற இபப் (epub) கோப்பாகப் பார்த்து இறக்குங்கள். யாருக்காவது உதவட்டும். எனக்கு அதுவரை போகவே கொடுத்துவைக்கவில்லை.

திங்கட்கிழமை காவல் நிலையத்தில் கருவியையும் ஒப்படைத்து மனு கொடுக்கப் போகிறேன். மாமா மறுபடியும் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டார். கடைக்காரரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று இரவு கேட்டதெல்லாம் இதுதான்: "அடிக்கோடு போட்டவருக்கு இது திரும்பக் கிடைக்குமா? பாவம், பாதிக்கு மேல் வந்துவிட்டு நிற்கிறார்." எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. என் தலைக்குள் ஓடியது 8,500 ரூபாய்.