இயந்திர வால்வு: 9 வருடம், 11,400 கிலோமீட்டர் ஓடிய பிறகு

ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டிய பைக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் மைலேஜைச் சொல்வார்கள். நானும் அப்படியே தொடங்குகிறேன். பொருத்தியது 2016 ஆகஸ்ட். இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது என்று வைத்தால், என் நெஞ்சுக்குள் இருக்கும் இந்தக் கார்பன் கதவுகள் இதுவரை 33 கோடி தடவை திறந்து மூடியிருக்கும். சர்வீஸ் கிடையாது, ஆயில் மாற்றியது கிடையாது. வால்வின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் சொல்ல வருவதில் பெரும்பகுதி, அதன் கூடவே வீட்டுக்கு வந்த ஒரு சின்ன மாத்திரையைப் பற்றியது.

அப்போது எனக்கு 41 வயது. மூன்று வருடமாகக் கோவை ரேஸ்கோர்ஸில் ஓடிக்கொண்டிருந்தேன். 10 கிலோமீட்டரை 58 நிமிடத்தில் முடித்தவனுக்கு 63 ஆனது, 67 ஆனது. நான் ஷூவை மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கிருத்திகை அன்று மருதமலைப் படியில் பாதி ஏறியதும் கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா சாவகாசமாக ஏறிப் போனார். அதற்கு மறுவாரம் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தேன்.

இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் அயோர்ட்டிக் வால்வுக்கு மூன்று மடல் இருக்க வேண்டும். எனக்குப் பிறவியிலேயே இரண்டுதான். நூறு பேரில் ஒருவர் இருவருக்கு இப்படி இருக்குமாம், பலருக்குக் கடைசி வரை தெரியாது. எனக்கு அதில் சுண்ணாம்பு படிந்து இறுகி, மூன்று நான்கு சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய வழி 0.8-க்குச் சுருங்கியிருந்தது. "இதை வெச்சுக்கிட்டா ஓடுனீங்க?" என்று டாக்டர் கேட்டதில் பாராட்டு எதுவும் இல்லை.

எந்த வால்வு என்பதற்குத்தான் அதிகம் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். மாடு, பன்றியின் திசுவில் செய்த திசு வால்வு வைத்தால் வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தேவையில்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் தேயும், வயது குறைந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தேயும். அப்புறம் மறுபடி ஒரு ஆபரேஷன். இயந்திர வால்வு தேயாது, மாத்திரை விடாது. 1997-ல் அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகருக்குச் செய்தது போல, நம்முடைய நுரையீரல் பக்க வால்வையே எடுத்து இந்தப் பக்கம் வைக்க முடியாதா என்றும் கேட்டேன். அது கைதேர்ந்தவர்கள் சிலரே செய்யும் வேலை, ஒரு வால்வு நோயை இரண்டு வால்வு நோயாக மாற்றிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு என்றார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனத்தில் உருவாகி, 1990-லிருந்து நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டு வரும் சித்ரா வால்வும் பட்டியலில் இருந்தது. ஒற்றைத் தட்டு சாய்ந்து திறக்கும் வகை, தட்டு பிளாஸ்டிக், விலை குறைவு, சத்தமும் குறைவு. உங்கள் வால்வு வளையம் சின்னது, ஓடவும் ஆசைப்படுகிறீர்கள், வழி அகலமாகக் கிடைக்க வேண்டும் என்று சர்ஜன் சொன்னதால் இரட்டை மடல் கார்பன் வால்வுக்குத் தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி எழுத அதிகமில்லை. நெஞ்செலும்பைப் பிளந்து, கம்பியால் கட்டி அனுப்புகிறார்கள். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு இரும வேண்டும். உறிஞ்சினால் மூன்று பந்து மேலே ஏறும் ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுப்பார்கள். நான்காம் நாள் எனக்கு ஒரு பந்துதான் ஏறியது. மூன்று மாதத்துக்குத் தண்ணீர்க்குடம், கேஸ் சிலிண்டர், பைக் எதையும் தொடக் கூடாது. வீட்டு மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடந்ததுதான் முதல் பயிற்சி.

சத்தம் ஒன்று உண்டு. டிக், டிக். பகலில் தெரியாது. ராத்திரி மின்வெட்டில் ஃபேன் நின்றால் தெரியும். வாயைத் திறந்தால் இன்னும் கூடும். என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. "அப்பா, ஆ காட்டுங்க" என்று வாய்க்குள் காதை வைத்துக் கேட்பாள். வகுப்புத் தோழிகளையும் ஒருநாள் கூட்டி வந்துவிட்டாள். நான்கு பிள்ளைகள் வரிசையில் நிற்க, நான் நாற்காலியில் ஆவென்று உட்கார்ந்திருந்தேன்.

இனி மாத்திரை. இங்கே பெரும்பாலும் அசிட்ரோம்தான் எழுதித் தருகிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அலாரம், ஒருநாள் 2 மில்லிகிராம், மறுநாள் 3 மில்லிகிராம். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதை ஐ.என்.ஆர். என்ற எண்ணில் பார்ப்பார்கள். சாதாரண ஆளுக்கு 1. எனக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீழே போனால் வால்வில் ரத்தம் கட்டும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். மேலே போனால் எங்காவது கசியும். மாரத்தானுக்கு நான் போட்ட உழைப்பைவிட இந்த எண்ணை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிறுத்தப் பட்ட பாடு அதிகம்.

முதல் தவறு பாசத்தில் நடந்தது. ரத்தம் ஊற வேண்டும் என்று அம்மா தினம் முருங்கைக்கீரை செய்து போட்டார். கீரையில் இருக்கும் வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு நேர் எதிரி. பத்தே நாளில் ஐ.என்.ஆர். 1.5. அதற்காகக் கீரையே தொடாமல் இருந்தாலும் தப்பு. வாரா வாரம் ஒரே அளவு சாப்பிட வேண்டும், அதற்கேற்ப மாத்திரையை டாக்டர் சரிசெய்வார். எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி ஒரு கரண்டி கீரை என்று அன்று தொடங்கியது, இன்றும் அதேதான்.

இரண்டாவது தவறு என்னுடையது. பல் வீங்கி, ஒரு மருந்துக்கடையில் கேட்டு மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கிப் போட்டேன், அது அசிட்ரோமின் வேலையைக் கூட்டிவிடும். கடைக்காரர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் பல் தேய்க்கும்போது வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பு. மூக்கிலும் நிற்கவில்லை. ஐ.என்.ஆர். 6.2. டாக்டர் மாத்திரையை நிறுத்திவைத்து, தினம் ரத்தம் பார்த்து, ஒரு வாரத்தில் இறக்கினார். அன்றிலிருந்து பர்ஸில் ஒரு சீட்டு இருக்கிறது. தலைவலி மாத்திரை வாங்கினாலும் அதைக் காட்டித்தான் வாங்குகிறேன். பல் பிடுங்குவதானால் ஒரு மணி நேரம் முன்னால் அமாக்ஸிசிலின் 2 கிராம், கிருமி வால்வில் போய் உட்காராமலிருக்க. ஓடி வந்து கால் கொப்புளத்தை ஊசியால் குத்திவிடும் பழக்கமும் அதே காரணத்துக்காகப் போய்விட்டது.

ஓடுகிறவர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று தைலம். நம் வீடுகளில் ஊட்டிக்குப் போனவர்கள் வாங்கி வரும் வின்டர்கிரீன் தைலம் கட்டாயம் இருக்கும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு தொடை முழுக்கத் தேய்ப்பேன். அதில் இருப்பது மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு உறவுக்காரன். தோல் வழியாக உள்ளே போய் ஐ.என்.ஆரை ஏற்றும். இரண்டு மாதம் எண் ஏன் 3.4-ல் நிற்கிறது என்று புரியாமல் சாப்பாட்டையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்யூபுரூஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும் கூடாது. ஆக வலிக்கு எனக்கு மிஞ்சியது ஐஸ் கட்டி, அளவாகப் பாராசிட்டமால், கொஞ்சம் புலம்பல்.

ஓட்டத்தைப் பற்றி. ஆறாம் மாதம் எக்கோவும் டிரெட்மில் டெஸ்டும் பார்த்த பிறகுதான் மெதுவாக ஓட அனுமதி கிடைத்தது. வால்வின் இரு பக்கமும் அழுத்த வித்தியாசம் சராசரி 12 என்று வந்தது, இந்த வகை வால்வுக்கு நல்ல எண். நான் மெட்டோப்ரோலாலும் சாப்பிடுவதால் நாடித்துடிப்பு ஏறவே ஏறாது. கையில் கட்டிய வாட்ச் 118 என்று காட்டும், நான் நாக்குத் தள்ளிக்கொண்டிருப்பேன். அதனால் வாட்சைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிறதா, அவ்வளவுதான் அளவு. பேச ஆளில்லாத நாளில் வாய்ப்பாடு சொல்வேன். பதினேழாம் வாய்ப்பாட்டில் மூச்சு நின்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மூச்சு நிற்கிறதா, வாய்ப்பாடு மறந்துவிட்டதா என்று சில சமயம் சந்தேகம்தான்.

பந்தாடுவது, கபடி, காட்டுப்பாதை ஓட்டம் எல்லாம் விட்டாயிற்று. விழுந்தால்தான் ஆபத்து. ஒருமுறை இருட்டில் மூடாத குழியில் கால் விட்டு விழுந்தேன். முழங்கால் சிராய்ப்பு நிற்க முக்கால் மணி நேரம். முழங்கை மூன்று வாரம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. தலை லேசாகத்தான் தட்டியது, ஆனாலும் நேராக சி.டி. ஸ்கேனுக்குப் போனேன். ஒன்றுமில்லை. ஆனால் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால் "பார்த்துக்கலாம்" என்று வீட்டில் உட்காரவே கூடாது. அன்று அம்மா கேட்டது: "ஏஞ்சாமி, ஓடித்தான் ஆவோணுமா?" என்னிடம் பதில் இல்லை. மறுவாரம் நெற்றி விளக்கு ஒன்று வாங்கினேன்.

2018 அக்டோபரில் கோவையில் அரை மாரத்தான். முழு மாரத்தானுக்கு டாக்டர் ஒரு வருடம் இழுத்தடித்து, எக்கோ, ஹீமோகுளோபின், எல்.டி.எச். எல்லாம் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். இயந்திர வால்வு சிவப்பணுக்களைக் கொஞ்சம் நசுக்கும், கால் தரையில் அடிப்பதும் நசுக்கும், அப்படி நசுங்கினால் ரத்தத்தில் கூடுவதுதான் அந்த எல்.டி.எச். அவருடைய நிபந்தனை இரண்டு: நேரத்துக்காக ஓடக் கூடாது, கடைசி இரண்டு கிலோமீட்டரில் வேகம் எடுக்கக் கூடாது. 2020 ஜனவரி, சென்னை. விடியும் முன்னே கிளம்பி, வெயில் ஏறும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்தேன். கோவைக்காரனுக்கு அந்தப் பிசுபிசுப்பு தனி எதிரி. 33-வது கிலோமீட்டரில் ஒரு தன்னார்வலப் பையன் வலி ஸ்ப்ரேயைக் குலுக்கிக்கொண்டே ஓடி வந்தான். "வேண்டாம் தம்பி" என்றேன். "ஃப்ரீதான் சார்" என்றான். 5 மணி 41 நிமிடம். என்னை ஒரு தாத்தா கடைசியில் முந்திப் போனார், நான் நிபந்தனையைக் காப்பாற்றினேன்.

2024-ல் இன்னொரு முறை ஓடினேன், ஒன்பது நிமிடம் அதிகம். இனி முழு மாரத்தான் போவதாக இல்லை. பயிற்சி மாதங்களில் சாப்பாடும் தூக்கமும் மாறி ஐ.என்.ஆர். தடுமாறுகிறது, அந்த வேலை அலுத்துவிட்டது. அரை மாரத்தான் எனக்குச் சரியான அளவு.

"எதை வைக்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் வால்வைப் பற்றிச் சொல்வதில்லை. தினம் ஆறு மணி மாத்திரையை மறக்காத ஆளா நீங்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். ஒருவர் நேர்மையாக "இல்லீங்க" என்றார். திசு வால்வு வைத்துக்கொண்டார், இப்போது ரேஸ்கோர்ஸில் நடக்கிறார், கீரை இஷ்டத்துக்குச் சாப்பிடுகிறார்.

போன மாதம் 2.4. அடுத்த ரத்தப் பரிசோதனை செவ்வாய்க்கிழமை. அதற்குள் ஞாயிறு 15 கிலோமீட்டர் இருக்கிறது. மழையில் வெளி ரோடெல்லாம் குழி தெரியாமல் தண்ணீர் நிற்பதால், ரேஸ்கோர்ஸுக்குள்ளேயே ஆறு சுற்று.