தினசரி எழுத்துக்குக் கருப்பு மை: பாரிமுனையில் எதை வாங்கலாம், எப்படிச் சோதிக்கலாம்

ஃபவுன்டன் பேனாவுக்கு ஊற்றும் எல்லாக் கருப்பு மையும் புட்டிக்குள் இருக்கும்வரை கருப்புதான். வித்தியாசம் தெரிய, மட்டமான நோட்டுத் தாளில் ‘கண்ணன்’ என்று ஒரு தடவை எழுதினால் போதும். ண-வுக்கு மூன்று சுழி, ன-வுக்கு இரண்டு. மை ஊறினால் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டு இரண்டு எழுத்தும் ஒரே கருப்பு உருண்டையாகிவிடும். புள்ளி இன்னும் கறார். நிப்பு நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் நேரம் அது. நிற்கிற வரைக்கும் மை இறங்கிக்கொண்டே இருக்கும். இங்கிலீஷ் எழுதுகிறவருக்கு i, j இரண்டுக்குத்தான் புள்ளி. நமக்கோ வரிக்கு ஏழெட்டு. வெளிநாட்டு விமர்சனத்தில் ‘ஊறவே ஊறாது’ என்று பேர் வாங்கிய மை நம் நோட்டில் சொதப்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிக் காரணம் தாள்.

அதனால் மை வாங்கும் முன் தாளைப் பாருங்கள். ஆண்டர்சன் தெருவில் கடைக்குக் கடை தாள்தான். எல்லோரும் ஜி.எஸ்.எம். கேட்டு வாங்குகிறார்கள். அது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு. ஊறுவதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஜப்பானின் டோமோயே ரிவர் தாள் 52 ஜி.எஸ்.எம்.தான், அதில் மை துளியும் ஊறாது. கையால் செய்த கனமான காகிதத்தில் மை சிலந்தி மாதிரி கால் விரிக்கும். காரியம் தாளுக்குள் போட்டிருக்கும் பசையில் இருக்கிறது. மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சொட்டு சற்று நேரம் முத்தாக நின்றால் பசை போதும். வைத்ததுமே உறிஞ்சிப் பின்பக்கம் ஈரம் காட்டினால் அந்தத் தாளில் எந்த மையும் சுத்தமாக நிற்காது.

சோதனைக்கு மூன்று தாள் வேண்டும்: தினமும் எழுதுகிற நோட்டு (பள்ளி நோட்டுகள் பலவும் 54-இலிருந்து 60 ஜி.எஸ்.எம். வரை), 75 ஜி.எஸ்.எம். ஜெராக்ஸ் தாள், கணக்கு எழுதும் லெட்ஜர் தாள். புதிதாகப் பிரித்த கட்டிலிருந்து எடுக்காதீர்கள். ராயபுரம், காசிமேடு மாதிரி கடலோரத்தில், அதுவும் ஐப்பசி மழையில், மேசையில் திறந்து கிடக்கும் தாள் காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். அதே மை அதே தாளில் சித்திரையை விட அப்போது கூடுதலாக ஊறும், காயவும் நேரமாகும். உங்கள் மேசையில் கிடக்கும் தாள்தான் சரியான சோதனைத் தாள்.

பேனா ஒன்றே இருக்க வேண்டும். பேனாவை மாற்றினால் மையின் குணம் எது, பேனாவின் குணம் எது என்று பிரிக்கவே முடியாது. ஒவ்வொரு மைக்கும் நடுவில் நிறமில்லாத தண்ணீர் வரும்வரை கன்வெர்ட்டரில் (பேனாவுக்குள் மை உறிஞ்சும் குழாய்) இழுத்து விடுங்கள். பத்துப் பன்னிரண்டு தடவை ஆகும். பிறகு நிப்பைக் கீழ்நோக்கி, மெத்தென்ற பருத்தித் துணி போட்ட டம்ளரில் ஓர் இரவு நிற்க வையுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு, ‘இந்த மை வெளுப்பு’ என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் அதிகம். ஃபீடுக்குள் (நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் பகுதி) தங்கிய தண்ணீர் முதல் பக்கம் முழுக்க மையை நீர்க்கவைக்கும். எப்படியும் முதல் அரைப் பக்கத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இனி எழுத்து. கண்ணன், மன்னன், திண்ணை, எண்ணெய் என்று மூன்று வரி, வழக்கமான வேகத்தில். அடுத்து ஒரு வரிசை புள்ளி: முதல் ஐந்து தொட்டு எடுத்தவை, அடுத்த ஐந்து ஒரு விநாடி, கடைசி ஐந்து மூன்று விநாடி நிறுத்தியவை. ஒரு விநாடிப் புள்ளி வட்டமாக நின்றால் அந்த மை நோட்டுக்கு லாயக்கு. மூன்று விநாடிப் புள்ளி எந்த மையிலும் பிசிறடிக்கும். அங்கே பார்க்க வேண்டியது பின்பக்கத்தை. பின்பக்கம் நிழலாகத் தெரிவது மெல்லிய தாளின் குறை, மை என்ன செய்யும். பொட்டுப் பொட்டாக மையே வெளியே வந்தால்தான் மையின் குறை.

காயும் நேரத்துக்கு ஐந்து கோடு போட்டு 5, 10, 15, 20, 30 விநாடியில் ஒவ்வொன்றாக விரலால் இழுத்துப் பாருங்கள். தண்ணீர்ச் சோதனை மறுநாள்தான். 24 மணி நேரம் கழியட்டும். ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் வைத்து ஒற்றி எடுங்கள். வேறு ஒரு தாளைக் குழாயடியில் அரை நிமிடம் பிடியுங்கள். இரண்டும் ஒன்றல்ல: சொட்டு, வியர்வைக்கும் டீக்கும் பதில் சொல்லும்; குழாய், மழையில் நனைந்த தோள்பைக்கு. பேனா மூடியைக் கழற்றி ஐந்து நிமிடம், பிறகு பத்து நிமிடம் வைத்து எழுதிப் பார்ப்பதையும் விடாதீர்கள். போன் பேசிவிட்டு வந்தால் உதற வேண்டியிருக்கிறதா என்பது இதில் தெரியும். வெயிலுக்கு நிற்குமா என்று பார்க்க, எழுதிய தாளின் பாதியை அட்டையால் மூடி வெயில் விழும் ஜன்னலில் ஒரு மாதம் ஒட்டிவைத்தால் போதும்.

இனிப் புட்டிகள்.

பிரில் நம் சென்னைத் தயாரிப்பு. கேம்லின் மும்பை. இரண்டும் விலையில் அடிமட்டம், தெருமுனை ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். இரண்டுமே தண்ணீரில் கரையும் சாய மை. ஃபைன் நிப்பில் காய்ந்தபின் கருப்பு என்பதைவிட ஆழ்ந்த சாம்பல் என்பதே பொருத்தம். கன்னங்கரேல் என்று வேண்டுபவருக்குச் சப்பென்று இருக்கும். ஆனால் பேனாவைக் கெடுக்காது, மாதக் கணக்கில் உலர்ந்து கிடந்தாலும் தண்ணீரில் ஊறவைத்தால் கரைந்து வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதுவே சரி. சட்டைப் பையில் கக்கினாலும் உடனே அலசினால் பெரும்பகுதி போய்விடும். பிள்ளையின் வெள்ளைச் சட்டையை நினைத்துக்கொண்டு மை வாங்குகிறவர் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

பார்க்கர் குவிங்க் 1931-இல் வந்தது. ‘குவிக்’, ‘இங்க்’ இரண்டையும் சேர்த்து வைத்த பெயர். சீக்கிரம் காயும் என்பதுதான் விளம்பரமே, அது பொய்யில்லை. இந்தக் கருப்பு உண்மையில் ஒற்றைக் கருப்பு இல்லை. வடிகட்டும் தாளை விரல் அகலப் பட்டையாக வெட்டி, அடியிலிருந்து இரண்டு செ.மீ. உயரத்தில் ஒரு புள்ளி வைத்து, ஒரு செ.மீ. தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். தண்ணீர் ஏற ஏற நீலம் ஒரு பக்கம், பழுப்பு மஞ்சள் ஒரு பக்கம் என்று பிரிந்து ஓடும். ஓவியர்கள் இந்த மையைத் தேடிப்போவதும் இதற்காகத்தான். எழுதுகிறவருக்கு இதனால் வரும் விளைவு: ஈர விரல் பட்டால் எழுத்தைச் சுற்றி நீலப் படலம் கசியும். மற்றபடி ஓட்டம் நிதானம், ஊறல் குறைவு. எந்தப் பேனாவுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றலாம். ஒரே புட்டிதான் வாங்குவேன் என்பவருக்கு இதுவே.

பெலிக்கான் 4001 பிரில்லியன்ட் பிளாக், மட்டமான தாளுக்கென்றே செய்ததுபோல நடந்துகொள்ளும். வறண்ட மை அது. நிப்பிலிருந்து தயங்கித்தான் இறங்கும். தயங்குவதால் ஊறுவதில்லை, சுழி திறந்தே நிற்கிறது, புள்ளி புள்ளியாகவே இருக்கிறது. ஆனால் இதை மை குறைவாக விடும் ஃபைன் நிப்புப் பேனாவில் போட்டால் எழுத்து வெளுத்து, தாளைக் கீறுகிற உணர்வு வரும்; பழி மையின் மேல் விழும். இதற்கு ஜோடி, தாராளமாக மை விடுகிற எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாக்கள். என்.எஸ்.சி. போஸ் சாலை ஜெம் அண்ட் கோவின் காமா, திருவள்ளூர் ரங்கா போன்று ஃபில்லரால் ஊற்றும் பேனாவில் மீடியம் நிப்புடன் இந்த மை சேர்ந்தால், 54 ஜி.எஸ்.எம். நோட்டிலும் இரண்டு பக்கமும் எழுதலாம். விலை உள்ளூர் மையைப்போல் பல மடங்கு. பக்கக் கணக்கில் நாளெல்லாம் எழுதுகிறவருக்கு அந்தக் காசு வசூலாகிவிடும்.

பைலட் கருப்பு நேர் எதிர். ஈரமான மை, நல்ல தாளில் அழகான கருப்பு, தண்ணீர் பட்டாலும் ஓரளவு எழுத்து மிஞ்சும். கஞ்சத்தனமாக மை விடும் பேனாவுக்கு இதுதான் மருந்து. தாராளப் பேனாவில் ஊற்றி நோட்டில் எழுதினால் ண-வின் மூன்று சுழியும் காலி.

பிளாட்டினம் கார்பன் பிளாக், செய்லர் கிவாகுரோ இரண்டும் வேறு சாதி. சாயம் தண்ணீரில் கரைந்திருக்கும். இவற்றில் நிறமித் துகள்கள் மிதக்கின்றன. துகள் தாளின் மேல் தங்கிக் காய்வதால் ஊறல் மிகக் குறைவு, காய்ந்தபின் குழாயடியில் பிடித்தாலும் அசையாது, வெயிலுக்கும் மங்காது. ஆவணம், பத்திரம், முகவரி எழுத இவற்றுக்கு இணையில்லை. குணம் எதுவோ அதுவே குறையும்: தாளில் அசையாதது ஃபீடிலும் அசையாது. பேனாவைத் தினமும் எழுதினால் பிரச்சினை இல்லை. மூடி காற்றுப் புகும் பேனாவில் போட்டுவிட்டுப் பத்து நாள் ஊருக்குப் போய் வந்தால், ஃபீடின் மெல்லிய வாய்க்கால்களில் துகள் இறுகியிருக்கும். வெறும் தண்ணீர் அதை எடுக்காது. 200 மி.லி. தண்ணீரில் ஒரே ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் லிக்விட் கலந்து, நிப்புப் பகுதியை ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் நன்றாக அலச வேண்டும். சுடுதண்ணீர் வேண்டாம், எபோனைட் நிறம் மாறிவிடும். மாதம் ஒரு முறை கழுவச் சோம்பல் என்பவர் நிறமி மைப் பக்கமே போகவேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. கடையில் போய் ‘தண்ணீரில் அழியாத கருப்பு மை’ என்று கேட்டால், பையன் நல்ல மனதோடு டிராயிங் இங்க் புட்டியை நீட்டக்கூடும். தொட்டு எழுதும் நிப்புக்கும் தூரிகைக்கும் ஆனது அது. உள்ளே அரக்கு மாதிரிப் பிசின் இருக்கும். ஒரு தடவை ஊற்றினால் பேனா முடிந்தது. லேபிளில் ‘ஃபவுன்டன் பென் இங்க்’ என்ற சொல் இருக்கிறதா என்று வாசித்துவிட்டுப் பணம் கொடுங்கள். புட்டியை வெளிச்சத்தில் சாய்த்து அடியில் கசடு, மேலே படலம், கழுத்தளவுக்குக் கீழே இறங்கிய மட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சாய மையில் இந்த மூன்றில் எது இருந்தாலும் புட்டி பழசு. நிறமி மை புட்டியில் லேசாகப் படிவது இயல்பு, மெல்லக் குலுக்கினால் கலந்துவிடும்.

ஃபில்லரால் ஊற்றும் பேனா வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் கவலை: கக்குவது. பேனாவில் மை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் உள்ளே காற்று அதிகமாகிறது. கைச்சூட்டிலும் நெரிசல் பஸ்ஸின் வெப்பத்திலும் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளும். ‘பொளக்’ என்று ஒரு சொட்டு விழும், பெரும்பாலும் கையெழுத்துப் போடுகிற நேரம் பார்த்து. மையை மாற்றினால் இது தீராது, ஈர மையில் கூடும், வறண்ட மையில் சற்றுக் குறையும், அவ்வளவுதான். மை மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதே மறுபடி நிரப்பிவிடுங்கள். கழுத்து மரையில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவினால் கசிவும் நிற்கும்.

கழுவுகிற தண்ணீரும் கவனிக்க வேண்டியது. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. முதல் அலசலுக்குப் பரவாயில்லை. கடைசி இரண்டு அலசல் கேன் தண்ணீரிலோ பெட்ரோல் பங்க்கில் விற்கும் பேட்டரி வாட்டரிலோ (காய்ச்சி வடித்த தண்ணீர், ஆசிட் அல்ல) இருக்கட்டும். இல்லாவிட்டால் காய்ந்தபின் ஃபீடில் வெள்ளைப் பொருக்கு நிற்கும். கெட்டியாகிப்போன மையை இளக்குவதற்கும் பேட்டரி வாட்டர்தான், பத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு மேல் போகாமல். குழாய்த் தண்ணீர் புட்டிக்குள் போனால் பூஞ்சைக்கு அழைப்பு வைத்த மாதிரி. பேனாவில் மிஞ்சியதைப் புட்டியில் திருப்பி ஊற்றுவதும் அப்படியே. இரண்டு கம்பெனி மையைக் கலக்கிறவர் முதலில் சின்னக் குப்பியில் ஒரு மி.லி.க்கு ஒரு மி.லி. கலந்து இரண்டு நாள் வைத்துப் பார்க்கட்டும். அடியில் குழம்பு மாதிரி படிந்தால், பேனாவுக்குள்ளும் அதுதான் நடந்திருக்கும்.

செக் எழுதுகிறவர்களுக்கு: கருப்பு மையை ரிசர்வ் வங்கி தடை செய்துவிட்டதாக வாட்ஸப்பில் சுற்றும் செய்தி பொய். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் பணியகம் (பி.ஐ.பி.) 2025 ஜனவரியில் அதை மறுத்தது. ஆனால் செக்கில் கரையும் சாய மையைவிட நிறமி மை பத்திரம். ஹைகோர்ட்டுப் பக்கத்து வேலைகளில் மட்டும் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நல்ல கருப்பில் போட்ட கையெழுத்தை ஜெராக்ஸ் என்று நினைத்துக் கவுன்டரில் திருப்பித் தள்ளுவார்கள். அதற்கு மையில் மருந்தில்லை. சட்டைப் பையில் நீலப் பேனா ஒன்றும் இருக்கட்டும்.