நிற்காத ரேடியேட்டர் ஃபேன்: ரிலேயா, சென்சரா, ஸ்கானரா?

என்னுடையது பழைய டொயோட்டா கொரோல்லா, 111 மொடல். மச்சானுடையது ஆல்ட்டோ. போன கச்சான் காற்றுக் காலத்தில் இரண்டுக்கும் ஒரே வருத்தம் வந்தது, ஃபேன் நிற்கவில்லை. ஆனால் கவனித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றில்லை. என் காரில் விடியற்காலை திறப்பைத் திருப்பிய கணமே, என்ஜின் ஸ்டார்ட் ஆகமுதலே ஃபேன் சுழலும், திறப்பை எடுத்தால் நின்றுவிடும். மச்சானுடையதில் திருகோணமலை உவர்மலை வீட்டு வாசலில் நிறுத்தி, திறப்பையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாப்பிட்டு முடித்து வெளியே வந்தாலும் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். கராஜில் இரண்டுக்கும் ஒரே பதில்தான்: "சென்சரை மாத்துங்கோ."

மாற்றினோம். இரண்டிலும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகுதான் நாங்களே ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்தோம்.

ரிலேயை, அதாவது ஃபேனுக்கு மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் சின்னப் பெட்டியை, கழற்றிப் பார்ப்பது முதல் வழி. காசு செலவில்லை. திறப்பு எடுத்த பிறகும் ஃபேன் ஓடுகிறதென்றால் வேறு எதையும் தொடமுன் இதைச் செய்யலாம் என்பது என் கருத்து. சில கார்களில் நிறுத்திய பிறகும் ஓரிரு நிமிடம் ஃபேன் ஓடுவது வழமை, அதைக் கணக்கில் எடுக்கவேண்டாம். மச்சானின் காரில் ரிலேயை உருவியதும் ஃபேன் நின்றது, திரும்பக் குத்தினால் ஓடியது, ஸ்க்ரூ டிரைவர் பிடியால் அதன் தலையில் மெல்லத் தட்டியதும் மறுபடி நின்றது. உள்ளே இருக்கும் தொடுமுனைகள் சூட்டில் ஒட்டிக்கொண்டுவிட்டன. இந்த ஃபேன் 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும், 35 ஆம்பியர்-மணி பற்றரி மூன்று நான்கு மணித்தியாலத்தில் இறங்கிவிடும், அதனால்தான் தினமும் விடிய அயலாரைக் கூப்பிட்டுத் தள்ளவேண்டியிருந்தது. புதிய ரிலே போட்டதோடு விஷயம் முடிந்தது. முடிந்தது என்று சொன்னாலும் ஃபேன் மோட்டாரையும் கையால் சுற்றிப் பார்த்துவிடுங்கள், இறுகிப்போன மோட்டார் அதிக மின்சாரம் இழுத்துப் புது ரிலேயையும் ஒட்டவைத்துவிடும். உருவிய பிறகும் ஃபேன் நிற்கவில்லையா? ஒன்றில் நீங்கள் வேறு ரிலேயை உருவியிருக்கிறீர்கள், அல்லது உங்களுக்கு முன்னால் கார் வைத்திருந்தவர் எங்கேயோ டிரெக்ட் வயர் போட்டிருக்கிறார்.

இதே வழி என் கொரோல்லாவில் ஆளைக் குழப்பும். அந்தக் காலத்து டொயோட்டாக்கள் பலவற்றில் ஃபேன் ரிலே தலைகீழாக வேலை செய்கிறது. என்ஜின் குளிராக இருக்கும்போது ரேடியேட்டர் பக்கம் இருக்கும் வெப்ப சுவிச் (கராஜில் சென்சர் என்று மாற்றியது இதைத்தான்) மூடியிருக்கும், அதனால் ரிலேக்கு மின்சாரம் கிடைக்கும், ஃபேன் நிற்கும். 93 பாகை அளவில் சுவிச் திறந்துவிடும், ரிலேக்கு மின்சாரம் நிற்கும், ஃபேன் ஓடும். ஏன் இப்படி என்றால், வயர் அறுந்தாலும் ஃபேன் ஓடட்டும், என்ஜின் எரியாமல் தப்பட்டும் என்றுதான். ஆகவே ஹோர்ன் ரிலேயைக் கொண்டுவந்து இங்கே குத்திச் சோதித்தால் விடை பிழையாகத்தான் வரும். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் மேலே உள்ள இலக்கத்தைப் பாருங்கள். சுவிச் பழுதா என்று பார்க்க அதன் கனெக்டரைக் கழற்றுவதும் இதில் உதவாது, கழற்றினால் ஃபேன் இன்னும் உறுதியாக ஓடும்.

அப்போ என்ன செய்வது? ஏசியை நிறுத்திவிட்டு, திறப்பை ஓனில் வைத்து, சுவிச் கனெக்டரைக் கழற்றி, காரின் பக்கத்து வயரை ஒரு துண்டு வயரால் கார் பொடியின் இரும்பில் தொடவேண்டும். இரண்டு வயர் வருகிறதென்றால் இரண்டையும் ஒன்றோடொன்று இணைக்கவேண்டும். ஃபேன் நின்றால் ரிலேயும் வயரும் நல்லது, பிழை சுவிச்சில் அல்லது கனெக்டரில். நிற்காவிட்டால் பிழை ரிலே பக்கம். என் காரில் நின்றது. கனெக்டருக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால், பித்தளை முனை முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது. உப்புவெளியில் கடலுக்கு முன்னால் கார் நிறுத்துகிறவனுக்கு இது ஆச்சரியமில்லை. மண்தாளால் தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் பூசிக் குத்தினேன், ஃபேன் அடங்கியது.

காரின் கம்பியூட்டரில் உள்ளதைப் படித்துக் காட்டும் ஸ்கானர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஃபேனை கம்பியூட்டரே கட்டுப்படுத்தும் புதிய கார் என்றால், அதுவும் திறப்புப் போட்டதும் ஃபேன் ஓடுகிறதென்றால், ஸ்கானரை அடிக்க ஆளில்லை. காரின் ஓ.பி.டி. சொக்கெட்டில் குத்தி போனோடு இணைக்கும் சின்ன அடாப்டரே போதும். இரவு முழுக்க நின்ற காரில் காலையில் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின், வெப்பநிலையைப் பாருங்கள். திருகோணமலையில் 26, 28 என்று காட்டினால் சென்சர் நல்லது. கழித்தல் 40 காட்டினால் வயர் அறுந்திருக்கிறது அல்லது கனெக்டர் விட்டிருக்கிறது, பி0118 (P0118) என்ற பிழைக் கோடும் (code) வரும். 140 அளவில் காட்டினால் எங்கேயோ ஷோர்ட், அது பி0117. இரண்டிலும் கம்பியூட்டர் சென்சரை நம்பாமல், பாதுகாப்புக்கு ஃபேனை ஓடவிடும். ஆனால் பழைய கொரோல்லாவில் கம்பியூட்டருக்குப் போகும் சென்சர் வேறு, ஃபேன் சுவிச் வேறு, டாஷ்போர்டில் சூடு காட்டும் மீற்றர் முள்ளுக்கு இன்னொன்று. அங்கே ஸ்கானருக்கு ஃபேன் சுவிச் தெரியவே தெரியாது. ஒட்டிய ரிலேயையும் அது பெரும்பாலும் காட்டாது, மச்சானின் ஆல்ட்டோவில் ஒரு கோடும் இல்லை. சில ஜப்பான் கார்களோடு மலிவு அடாப்டர் பேசவே பேசாது, அதையும் யோசித்து வாங்குங்கள்.

பார்க்காமலே பாகம் மாற்றுவதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது, நாங்கள் இரண்டு முறை செய்துவிட்டோம். அதைவிட மோசம், டாஷ்போர்டில் ஒரு சுவிச் பூட்டி ஃபேனை நாமே போட்டு நிறுத்துவது. "அண்ணா, லேசான வேலை" என்று சொல்வார்கள். ஒருநாள் டவுன் நெரிசலில் போட மறந்தால் என்ஜின் சூடேறி ஹெட் காஸ்கட், அதாவது என்ஜின் தலைக்குக் கீழே உள்ள அடைப்புத் தகடு, போகும். ஃபேன் எப்போதும் ஓடுவதால் என்ஜினுக்குக் கேடு என்ற பயமும் தேவையில்லை, சூட்டுக்கேற்ப கூலன்டைத் திறந்து மூடும் தேமோஸ்டற் வால்வு இருக்கும்வரை என்ஜின் தன் சூட்டைத் தானே பிடித்துக்கொள்ளும். தேய்வது மோட்டாரும் பற்றரியும்தான். அவசரத்துக்கு இரவில் ரிலேயை உருவி வைத்துவிட்டு, காலையில் குத்துங்கள். கந்தளாய்ப் பக்கம் வேகமாகப் போகும்போது முன்னால் வரும் காற்றே போதும், ஆனால் ஊருக்குள் ரிலே இல்லாமல் ஓடவேண்டாம்.

இன்னொன்று, மீற்றர் முள் மேலே ஏறி, ஃபேனும் நிற்கவில்லையென்றால் அது ஃபேனின் பிழையில்லை. கூலன்ட் குறைவு, அடைபட்ட ரேடியேட்டர், ஒட்டிய தேமோஸ்டற் இவற்றில் ஒன்று. என்ஜின் ஆறமுன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவேண்டாம்.

கராஜில் கழற்றித் தந்த என் பழைய சுவிச்சை அம்மாவிடம் கெஞ்சி வாங்கிய சட்டியில் தண்ணீரோடு சூடாக்கி, மல்டிமீற்றரால் பார்த்தேன். 93 தாண்டித் திறந்தது, ஆறும்போது 83 அளவில் மூடியது. ஒரு பிழையும் இல்லை. இப்போது டாஷ்போர்ட் லாச்சிக்குள் கிடக்கிறது, 111 வைத்திருப்பவர் யாரும் கேட்டால் கொடுப்பேன்.