23 புள்ளியில் ஒரு நாள் சாப்பாடு: வெயிட் வாட்சர்ஸ் கணக்கு நம் அடுப்படியில் நிற்குமா?

எடை குறைக்கக் காசு கட்டிச் சேரும் சேவைகளில் வெயிட் வாட்சர்ஸ் பழையது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த ஜீன் நிடெட்ச் என்ற இல்லத்தரசி 1963இல் தொடங்கியது. ஒவ்வோர் உணவுக்கும் புள்ளி போட்டு, நாளுக்கு இத்தனை புள்ளிக்குள் சாப்பிட வேண்டும் என்று வரம்பு வைக்கும் முறை 1997இல் வந்தது. டொராண்டோவிலும் லண்டனிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கும் தமிழ் வீடுகளில் இதைப் பற்றி முதலில் எழும் சந்தேகம், "எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை புள்ளி, அந்த எண் எங்கிருந்து வந்தது?" என்பதுதான். செயலியில் வயது, உயரம், எடை, பாலினம் கொடுத்தால் ஓர் எண் வந்து நிற்கும். அது எப்படி வந்தது என்ற விவரம் மட்டும் இருக்காது. இந்தச் சேவையின் பெரிய குறை இதுதான். கணக்கின் உள்ளே இருப்பதைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் மூன்றாவது மாதம் "எடை நின்றுவிட்டது" என்று கைவிடுகிறார்கள். அதனால் கையால் போட்டுப் பார்க்கக்கூடிய பழைய கணக்கிலிருந்து தொடங்குவதே சரி.

2000களில் அமெரிக்காவில் புழங்கிய முறையில் தினசரிப் புள்ளி ஐந்து கேள்விகளில் முடிந்துவிடும். பெண் என்றால் 2, ஆண் என்றால் 8, பாலூட்டும் தாய் என்றால் 12. வயது 17 முதல் 26 வரை 4, 27 முதல் 37 வரை 3, 38 முதல் 47 வரை 2, 48 முதல் 57 வரை 1, அதற்கு மேல் 0. எடையைப் பவுண்டில் எழுதி முதல் இரண்டு இலக்கங்களை மட்டும் எடுக்க வேண்டும். உயரம் 5 அடி 1 அங்குலத்துக்குக் கீழே 0, 5 அடி 10 அங்குலம் வரை 1, அதற்கு மேல் 2. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை 0, பெரும்பாலும் நிற்கும் வேலை 2, நடக்கும் வேலை 4, உடலுழைப்பு 6. இது போக வாரத்துக்கு 35 புள்ளி தனியாக உண்டு.

34 வயதுப் பெண், எடை 78 கிலோ, உயரம் 160 செ.மீ., அலுவலக வேலை என்று வைத்துக்கொள்வோம். 78 கிலோவை 2.205ஆல் பெருக்கினால் 172 பவுண்டு. ஆக 17. கூட்டினால் 2 + 3 + 17 + 1 + 0 = 23. 45 வயது ஆண், 92 கிலோ, 5 அடி 8 அங்குலம், வண்டி ஓட்டும் வேலை என்றால் 8 + 2 + 20 + 1 + 0 = 31.

உணவுக்கான புள்ளியும் மர்மம் அல்ல. கலோரியை 50ஆல் வகுத்து, கொழுப்பு கிராமை 12ஆல் வகுத்துக் கூட்டி, நார்ச்சத்து கிராமை 5ஆல் வகுத்துக் கழிக்க வேண்டும். நார்ச்சத்து எவ்வளவு இருந்தாலும் 4 கிராமுக்கு மேல் கழிக்கக் கூடாது. வருவதைக் கிட்டத்து முழு எண்ணாக்கினால் புள்ளி. கொழுப்புக்கு ஒரு அபராதமும் நார்ச்சத்துக்கு ஒரு சலுகையும் சேர்த்த கலோரிக் கணக்குதான் இது.

இப்போது அந்த 23ஐக் கலோரியாக்கிப் பாருங்கள். கொழுப்பும் நார்ச்சத்தும் வழக்கமான அளவில் இருந்தால் 1,200க்குச் சற்றுக் கீழே வரும். வாரத்தின் 35ஐ நாளுக்கு 5 என்று பிரித்துச் சேர்த்தால் 28 புள்ளி, அதாவது 1,400 கலோரி அளவில் வந்து நிற்கும். சும்மா படுத்திருந்தாலும் உடலுக்கு வேண்டிய கலோரியைக் கணிக்கும் மிஃப்ளின் சூத்திரப்படி இதே பெண்ணுக்கு ஓய்வுநிலைத் தேவை 1,449 கலோரி. உட்கார்ந்த வேலைக்கு 1.2ஆல் பெருக்கினால் 1,739. வாரப் புள்ளியையும் சாப்பிட்டால் நாளுக்கு 340 கலோரி குறைவு, வாரத்துக்குக் கால் கிலோவுக்கு மேல் இறங்கும். வாரப் புள்ளியைத் தொடாமல் இருந்தால் 550 குறைவு, வாரத்துக்கு அரை கிலோ. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1,200க்குக் கீழே மாதக்கணக்கில் ஓட்டுவது மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் செய்யக்கூடியதல்ல. "மிச்சம் பிடித்தேன்" என்று பெருமைப்படும் அந்த 35 புள்ளி சாப்பிடுவதற்காகவே தரப்பட்டது. தயவுசெய்து சாப்பிடுங்கள். அதை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை இரவு பசி தாங்காமல் 40 புள்ளிக்கு உண்பதுதான் நடக்கும்.

இனி இட்லித் தட்டுக்கு வருவோம். 50 கிராம் வீதம் மூன்று இட்லி ஏறக்குறைய 200 கலோரி, 4 புள்ளி. இட்லியைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் சட்னியைப் பாருங்கள்: துருவிய தேங்காய் 20 கிராமில் 71 கலோரி, 6.7 கிராம் கொழுப்பு. 2 புள்ளி. தாளித்த எண்ணெய் ஒரு தேக்கரண்டி, 1 புள்ளி. இரண்டு கரண்டிச் சட்னி மூன்று இட்லியைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டது.

எண்ணெய்தான் இந்தக் கணக்கில் பெரிய ஓட்டை. ஒரு தேக்கரண்டி எண்ணெய் 40 கலோரி, 4.5 கிராம் கொழுப்பு. கணக்குப்படி 1.18, முழு எண்ணாக்கினால் 1. மூன்று தேக்கரண்டி சேர்ந்த ஒரு மேசைக்கரண்டிக்குக் கணக்கு 3.53, அதாவது 4. ஒரே எண்ணெயை மூன்று தடவையாகப் பதிந்தால் 3, ஒன்றாகப் பதிந்தால் 4. நாள் முழுக்க இப்படி முழு எண்ணாக்கினால் இரண்டு மூன்று புள்ளி காணாமல் போகும். பாலும் சர்க்கரையும் போட்ட டீயும் அப்படித்தான்: 100 மி.லி. முழுப்பால், 2 தேக்கரண்டி சர்க்கரை என்றால் 2.16, எழுதுவது 2. நாலு டீ குடித்தால் எழுதியது 8, உண்மை கிட்டத்தட்ட 9. 23 உள்ளவருக்கு அது நாளின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

எண்ணெயைக் கரண்டியால் அளப்பதைவிடத் தராசே மேல். எண்ணெய்ப் பாட்டிலைச் சமையலறைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். வாணலியில் ஊற்றிவிட்டு மறுபடி வையுங்கள். திரையில் மைனஸ் 22 என்று காட்டினால் ஊற்றியது 22 கிராம், 5 தேக்கரண்டி. "ரெண்டு ஸ்பூன்தான் ஊத்துனேன்" என்று கண்ணளவில் சொல்வதற்கும் தராசு காட்டுவதற்கும் இருக்கும் இடைவெளி முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.

சோற்றில் வேறொரு பிழை. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராம் 130 கலோரி. அரிசியாக 100 கிராம் 365. செயலியில் தேடும்போது இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். 75 கிராம் அரிசியை அளந்து போட்டுவிட்டு "வெந்தது" என்ற வரியில் பதிந்தால் 2 புள்ளி காட்டும். உண்மையில் அது 5க்கு மேல். வெந்த பிறகு தட்டில் வைத்து நிறுத்து, வெந்தது என்றே பதிவதுதான் வீட்டில் பலருக்கு ஒரே பானையில் வடிக்கும்போது நடக்கக்கூடியது.

ஒரு நாளைப் பழைய கணக்கில் ஓட்டிப் பார்ப்போம். காலை மூன்று இட்லி 4, தேங்காய்ச் சட்னி 3, சாம்பார் 200 கிராம் 2. மதியம் ஒன்றரை கப் சோறு 6, சாம்பார் 2, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பொரியல் 1, தயிர் 100 கிராம் 1. டீ இரண்டு, 4. இதற்குள் 23 முடிந்துவிட்டது, இரவுச் சாப்பாடு இன்னும் வரவில்லை. எண்ணெய் தடவாத இரண்டு சப்பாத்தி 3, காய்க்கூட்டு 1. மொத்தம் 27. வாரப் புள்ளியின் 5 சேர்த்த 28க்குள் அடங்குகிறது, கலோரி 1,400ஐ ஒட்டி. யாரும் பட்டினி கிடக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் பிரியாணிக்கு இடம் வேண்டுமென்றால் சட்னியைத் தக்காளிக்கு மாற்றி, டீயில் சர்க்கரையை விட்டால் நாளுக்கு மூன்று புள்ளி வரை சேரும்.

இன்றைய செயலியில் கதை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2015 இறுதியில் வந்த முறையில் நிறைகொழுப்பும் (தேங்காய், நெய், வெண்ணெயில் மிகுந்திருப்பது) சர்க்கரையும் புள்ளியை ஏற்றின, புரதம் இறக்கியது. உறுப்பினர்களிடையே புழங்கும் அந்தச் சூத்திரத்தில் போட்டால், பழைய கணக்கில் 2 ஆக இருந்த அதே 20 கிராம் தேங்காய் 4 ஆகிறது. இப்போதைய முறையில் சேர்த்த சர்க்கரையும் நிறைகொழுப்பும் ஏற்றும். நார்ச்சத்து, புரதம், நல்ல கொழுப்பு இறக்கும். அதனால் தேங்காய் எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் கலோரி ஏறக்குறைய ஒன்றே என்றாலும் புள்ளி வேறுபடும். தேங்காய் இல்லாமல் சமையலே இல்லாத யாழ்ப்பாண, நாஞ்சில் நாட்டு வீடுகளுக்கு இது கனமான அடி. முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

பூஜ்ஜியப் புள்ளி உணவுகள் அடுத்தது. பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, முட்டை, மீன், தோலில்லாத கோழி நெஞ்சுப்பகுதி, பழம், மாவுச்சத்து குறைந்த காய்கள் எல்லாம் அளக்காமல் சாப்பிடலாம். சைவர்களுக்குப் பெரிய வசதி, இட்லி காலையைவிடச் சுண்டல் காலை எளிதாகிவிடும். ஆனால் பூஜ்ஜியப் புள்ளி என்றால் பூஜ்ஜியக் கலோரி அல்ல. நீங்கள் அவற்றைச் சாப்பிடுவீர்கள் என்று கணித்து, அந்தக் கலோரியை முன்னாலேயே தினசரி எண்ணிலிருந்து பிடித்துக்கொண்டார்கள். 2019இன் மூன்று திட்டங்களில் இது பச்சையாகத் தெரிந்தது: பூஜ்ஜியப் பட்டியல் சிறிதான பச்சைத் திட்டத்தில் குறைந்தபட்சம் 30 புள்ளி, நடுத்தரமான நீலத்தில் 23, பழுப்பரிசிச் சோறும் உருளைக்கிழங்கும்கூடப் பூஜ்ஜியமான ஊதாவில் 16. பானை ஒன்றே, கரண்டிதான் வேறு. உங்கள் எண் தோழியின் எண்ணைவிடக் குறைவு என்று வருத்தப்படுவதற்கு முன் பட்டியலை ஒப்பிடுங்கள்.

பூஜ்ஜியத்தில் வழுக்கும் இடங்கள் சில உண்டு. பழமாகச் சாப்பிட்டால் பூஜ்ஜியம். சாறாகவோ ஸ்மூத்தியாகவோ அடித்தால் புள்ளி. கொண்டைக்கடலை பூஜ்ஜியம், கடலை மாவு அல்ல. நீரிழிவு உள்ளவர்களுக்குப் பட்டியலே வேறு, பழங்கள் அதில் வராது. பதிவின்போது நீரிழிவு உண்டு என்று கட்டாயம் சொல்லுங்கள். இன்சுலின் அல்லது கணையத்தைத் தூண்டும் மாத்திரை எடுப்பவர்கள், உணவு குறைந்ததும் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும் என்பதால், மருத்துவரிடம் அளவைப் பேசிய பிறகே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்தச் சேவை இல்லை.

செயலியில் மெச்ச வேண்டியது சமையல் குறிப்புக் கருவி. அங்கேதான் நம் குழம்பு சரியாக அடங்கும். பொருள்களை ஒவ்வொன்றாகப் போட்டால் பருப்பு பூஜ்ஜியமாகவே இருக்கும், எண்ணெயும் தேங்காயும் மட்டும் எண்ணப்படும். அதே குழம்பின் கலோரியையும் கொழுப்பையும் மொத்தமாகக் கணிப்பானில் போட்டால் பருப்புக்கும் சேர்த்துப் புள்ளி வந்துவிடும். பலர் செய்யும் பிழை இது. எத்தனை பேருக்கு என்ற இடத்தில் ஆள் எண்ணிக்கையை எழுதாமல், காலிப் பாத்திரத்தின் எடையைக் கழித்த குழம்பின் எடையை 100ஆல் வகுத்து எழுதுங்கள். 1,200 கிராம் சாம்பார் என்றால் 12. பிறகு யார் எவ்வளவு ஊற்றினாலும் 100 கிராம் கணக்கில் பதியலாம். மற்ற உறுப்பினர்கள் பதிந்த "இட்லி", "தோசை" வரிகளை நம்ப வேண்டாம். தோசையின் அளவும் எண்ணெயும் வீட்டுக்கு வீடு வேறு. பொட்டலத்தின் லேபிளைப் பதியும்போது அது 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்று பார்த்துவிட்டுப் பதியுங்கள்.

உடற்பயிற்சிக்குக் கிடைக்கும் புள்ளியை முழுதாகச் சாப்பிடாதீர்கள், கடிகாரங்கள் தாராளமாகவே கணிக்கும்.

பலன் உண்டா என்றால், உண்டு. ஆஸ்திரேலியா, ஜெர்மனி, பிரிட்டன் நாடுகளில் 772 பேரிடம் நடந்து 2011இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், இந்தச் சேவைக்கு அனுப்பப்பட்டவர்கள் ஓராண்டில் சராசரி 5.06 கிலோ குறைந்தார்கள்; வழக்கமான மருத்துவ ஆலோசனை பெற்றவர்கள் 2.25 கிலோ. ஆய்வுக்குப் பணம் தந்தது வெயிட் வாட்சர்ஸ்தான் என்பதையும், சேவைக்கு அனுப்பப்பட்டவர்களில் 61 சதவீதம் பேரே ஆண்டு முழுக்க நிலைத்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நிறுவனம் 2025 மே மாதம் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கோரி, கடனைக் குறைத்துக்கொண்டு வெளியே வந்தது. திட்டத்தைச் சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதும் இவர்கள் வழக்கம். எனவே நீண்ட காலச் சந்தா எடுக்கும் முன் யோசியுங்கள், சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் தேதியைக் குறித்துவையுங்கள்.

யாருக்குப் பரிந்துரைப்போம்? வாரக் கூட்டத்துக்குப் போய் நாலு பேர் முன்னால் எடை பார்த்தால்தான் ஒழுங்காக இருப்பேன் என்பவர்களுக்கு, தயங்காமல். வெறும் எண் போதும் என்பவர்கள் மேலே உள்ள பழைய கணக்கையும் ஒரு நல்ல தராசையும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: 172 பவுண்டில் போட்ட 23 என்பது 169க்கு வந்ததும் 22. அதன் பிறகு பத்துப் பவுண்டுக்கு ஒரு புள்ளி. செயலியில் எடையை வாராவாரம் பதிந்தால்தான் இந்தக் குறைவு தானாக நடக்கும்.