தக்கலையில் ஒரு பழைய வீடும் நான்கு ஆண்டெனா ரூட்டரும்

நாகர்கோவிலில் கணினிப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் 2,800 ரூபாய் கொடுத்து, வீட்டுக்கு வரும் இணையத்தை வைஃபையாகப் பல கருவிகளுக்குப் பங்கிடும் இந்த ரூட்டரை வாங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் இயங்கும் ஏசி 1200 வகை, அதாவது தாளில் இரண்டும் சேர்ந்து நொடிக்கு ஏறத்தாழ 1200 மெகாபிட். கேபிள் செருகும் துளைகள் எல்லாம் ஜிகாபிட் வேகம் கொண்டவை. இந்த விலையில் வரும் பெட்டிகளின் அமைப்புப் பக்கங்கள் (உலாவியில் திறந்து மாற்றங்கள் செய்யும் பக்கங்கள்) ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன என்பதால், மாடலின் பெயரை விட்டுவிட்டு, அந்தப் பக்கங்கள் என் வீட்டில் எதற்கு உதவின என்பதையே எழுதுகிறேன். "நாலு ஆண்டெனா இருக்கு சார், பின்னால தோட்டம் வரைக்கும் எடுக்கும்" என்றார் கடைக்காரர். தோட்டம் இருக்கட்டும், அடுக்களைக்கே சரியாக எடுக்கவில்லை. இருந்தும் கொடுத்த காசுக்கு மோசமில்லை என்றே சொல்வேன்.

எங்கள் வீடு தக்கலைக்கு அருகில் இருக்கிறது. முன்பகுதி ஓடு வேய்ந்த பழைய கட்டு, சுவர்கள் ஒன்றரை அடி கனம். பின்பகுதி பிற்பாடு சேர்த்த கான்கிரீட். முன்னறையில் நான் தட்டச்சு, அச்சு வேலை செய்து வருகிறேன். ஒரு வைஃபை பிரிண்டர், இரண்டு கணினிகள், கேமரா பதிவுப் பெட்டி, குவைத்தில் இருக்கும் அண்ணனோடு அம்மா தினமும் பேசும் டேப்லெட், இவற்றோடு வருவோர் போவோரின் கைபேசிகள் எல்லாம் இந்த ஒரே பெட்டியைத்தான் நம்பி இருக்கின்றன.

முதல் நாள் பெட்டி இயங்கவே இல்லை. ஃபைபர் இணைப்புக் கொடுத்தவர்கள் வைத்துப் போன மோடத்தின் முகவரியும் 192.168.1.1, புது ரூட்டரின் முகவரியும் அதுவே. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டால் தபால்காரர் என்ன செய்வாரோ, அதையே ரூட்டரும் செய்தது. மோடத்திலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கிவிட்டு, உள்ளூர் வலையமைப்புப் பக்கத்தில் ரூட்டரின் முகவரியை 192.168.10.1 என்று மாற்றிச் சேமித்து, மீண்டும் கேபிளைச் செருகியதும் இணையம் வந்துவிட்டது. சில ரூட்டர்கள் இந்த மோதலைத் தாமே கண்டுபிடித்து முகவரியை மாற்றிக்கொள்ளும். இதற்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஆரஞ்சு விளக்கை எரியவிட்டுச் சும்மா இருந்தது.

பிறகு இணைப்புக் கொடுத்தவர்களிடம் கேட்டு மோடத்தைப் பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது வருவதை அப்படியே ரூட்டருக்குக் கடத்தும் நிலைக்கு, மாற்றி வாங்கினேன். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ரூட்டரிலேயே பிபிபிஓஇ (பயனர் பெயர் கொடுத்து இணைப்பில் நுழையும் முறை) பக்கத்தில் கொடுத்துவிட்டால், இரண்டு பெட்டிகளும் அடுத்தடுத்து முகவரி மாற்றும் இரட்டை வேலை ஒழியும். அந்தப் பக்கத்தில் எம்டியு (ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு) 1492 என்று இருப்பதைக் கண்டு 1500 ஆக்க வேண்டாம். வழக்கமான 1500 பைட்டில் 8 பைட்டை பிபிபிஓஇ தலைப்பு எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கேமராவை வெளியூரிலிருந்து பார்ப்பதற்காகப் போர்ட் ஃபார்வர்டிங்கும் (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்பிவிடுவது) செய்து பார்த்தேன், பலிக்கவில்லை. ரூட்டருக்குக் கிடைத்த இணைய முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்டதாக இருந்தது. அப்படி இருந்தால் ஒரு பொது முகவரியை நிறுவனம் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது என்று பொருள். ரூட்டரில் எந்தக் கதவைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வந்து தட்ட முடியாது.

இந்தப் பெட்டிக்குக் கொடுத்த பணம், எந்த அலைத்தடத்தில் பேசுவது என்று தேர்ந்தெடுக்கும் சேனல் பக்கத்தில்தான் எனக்குத் திரும்பிக் கிடைத்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 13 சேனல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே, ஆனால் ஒரு ரூட்டர் பேசுவதற்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஆகவே ஒன்றோடொன்று மோதாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றுதான் என்று வைத்துக்கொள்ளலாம். தானியங்கி அமைப்பில் விட்டிருந்தபோது இது 4-ஆம் சேனலைப் பிடித்துக்கொண்டு, 1-இல் இருக்கும் அடுத்த வீட்டோடும் 6-இல் இருக்கும் எதிர்வீட்டோடும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டிருந்தது. சேனலைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைக் கைபேசியில் இறக்கி, திண்ணையிலிருந்து கொல்லை வரை நடந்து பார்த்த பிறகே இது எனக்குப் புரிந்தது. 11 என்றும், அகலம் 20 என்றும் நிலையாக வைத்தேன். 40 என்று வைத்தால் வேகம் இரட்டிப்பாகும் என்பது தாளில் சரி; நெருக்கமான வீடுகளுக்கு நடுவே அது அடுத்தவர் காதையும் அடைத்து நம் காதையும் அடைத்துக்கொள்வதாகவே முடியும். மாற்றிய அன்று மாலை அம்மாவின் வீடியோ அழைப்பு ஒருமுறைகூட உறையவில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் கூட்டம் குறைவு என்பதால், 149-ஆம் சேனலில் 80 அகலம் வைத்துக் கணினிகளை அதற்கு மாற்றிவிட்டேன். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைக்கும் வசதியை அணைத்து, தனித்தனிப் பெயர் கொடுப்பதே எனக்கு ஒத்துவந்தது, ஏனெனில் என் பிரிண்டருக்கு 2.4 தவிர வேறொன்றும் தெரியாது.

அடுத்து இருப்பதுதான் 'அட்வான்ஸ்டு' என்ற பக்கம். பீக்கன் இடைவெளி 100, ஆர்டிஎஸ் வரம்பு 2347, டிடிஐஎம் 1 என்று எண்கள் வரிசையாக நிற்கும். இவற்றைக் குறைத்தால் வேகம் பறக்கும் என்று சொல்லும் காணொளிகளை நம்பி நானும் கை வைத்தேன், ஒரு பயனும் இல்லை. பீக்கன் என்பது நொடிக்கு ஏறத்தாழ பத்து முறை ரூட்டர் தன் பெயரைக் கூவுவது, அதிகம் கூவினால் பேசும் நேரம்தான் குறையும். டபிள்யூஎம்எம் (அழைப்பு, காணொளி போன்றவற்றுக்கு முன்னுரிமை தருவது) என்பதை அணைத்ததும் பிரிண்டரின் இணைப்பு வேகம் 54 மெகாபிட்டுக்கு இறங்கியது. அதற்கு மேற்பட்ட வேகங்களுக்கு அது கட்டாயம் என்பது பிறகுதான் தெரிந்தது. பாதுகாப்பு என்று எண்ணி ஏபி ஐசொலேஷனை இயக்கியதுதான் பெரிய தவறு. ஆதார் நகல் எடுக்க வந்த ஓர் அம்மையார் பேருந்துக்கு நேரமாகிறது என்று வாசலுக்கும் மேசைக்குமாக நடக்க, பிரிண்டர் பச்சை விளக்கோடு ஒன்றும் தெரியாததுபோல் இருக்க, மடிக்கணினியோ பிரிண்டரே இல்லை என்று சாதித்தது. அந்த அமைப்பு வைஃபையில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்ப்பதையே தடுக்கும். முந்தின இரவு நான் ஆசைப்பட்டதும் அதைத்தான்.

பிரிண்டர் காணாமல் போவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மின்வெட்டு முடிந்து எல்லாம் மறுபடி எழும்போது டிஎச்சிபி (கருவிகளுக்கு முகவரி வழங்கும் ரூட்டரின் பகுதி) அதற்கு வேறொரு முகவரி கொடுத்துவிடும். பிரிண்டரின் மேக் முகவரியை (கருவிக்கே உரிய அடையாள எண்) பதிந்து 192.168.10.150 என்பதை அதற்கென்றே ஒதுக்கிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. இதையே கைபேசிக்குச் செய்வதானால், கைபேசியின் வைஃபை அமைப்பில் தற்காலிக மேக் முகவரியை முதலில் நிறுத்த வேண்டும். வாடிக்கையாளர்களுக்கு விருந்தினர் வலையமைப்பைத் திறந்துவிட்டிருக்கிறேன். அதில் இணைகிறவர்களுக்கு என் கணினிகள் தெரியாது. கடவுச்சொல் தட்டாமல் பொத்தானாலோ எண்ணாலோ இணைய விடும் டபிள்யூபிஎஸ் வசதி தொழிற்சாலையிலிருந்தே இயங்கும் நிலையில் வந்தது, அதை உடனே அணைத்தேன்: அதன் 8 இலக்க எண்ணை ரூட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளியான செய்தி, இன்னும் அப்படி அனுப்புவது பொறுப்பின்மை.

குறைகளும் இருக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்தைச் சேமிக்கும்போதும் வைஃபை அரை நிமிடம் போய் வருகிறது. தவறான எண் கொடுத்தால் எது தவறு என்று சொல்லாமல் 'செல்லாது' என்று மட்டும் காட்டுகிறது. கைபேசிச் செயலியில் பாதி அமைப்புகள் இல்லை.

அடுக்களைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் போகாததற்கு நான் ரூட்டரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சுவர்களை எழுப்பியவர்கள் வைஃபைக்காக எழுப்பவில்லை. பரணில் கிடந்த பழைய ரூட்டரை எடுத்து, அதன் டிஎச்சிபியை அணைத்து, 192.168.10.2 என்று முகவரி கொடுத்து, உட்புற (லேன்) துளையிலிருந்து உட்புறத் துளைக்கு 20 மீட்டர் கேபிள் இழுத்து அங்கே வைத்துவிட்டேன். ஐப்பசி இடிமழைக்கு மட்டும் இரண்டின் பிளக்கையும் பிடுங்கி, அந்தக் கேபிளையும் கழற்றி வைப்பது இப்போது அம்மாவின் வேலை. மழை விட்டதும் எதை எங்கே செருகுவது என்று கேட்காமல் இருக்க, துளைகளுக்கு மேல் சிவப்பு நெயில் பாலிஷால் அவரே புள்ளி வைத்திருக்கிறார்.