சுங்கை சிப்புட் கிறிஸ்தவ சாமான் கடை: நல்லது கெட்டது ரெண்டும்

மலேசியா, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் டவுன்ல பஸ் நிக்கிற எடத்துக்குப் பின்னால பழைய கடை வரிசை இருக்குல்ல, அங்க ஒரு தையல்கடைய ஒட்டி இருக்கிற சின்னக் கடை. போர்டுல பேர் பாதி வெளுத்துப் போச்சு, கண்ணாடிக்குள்ள மாதா சுரூபம் தெரியும், அத வச்சுக் கண்டுபுடிச்சுக்கலாம். மெழுகுவர்த்தி, ஜெபமாலை, தமிழ் பைபிள், பாட்டுப் புத்தகம், ஸ்கூல் நோட்டு, போட்டோஸ்டேட், எல்லாம் ஒரே எடத்துல. நான் இந்து, பக்கத்து வீட்டு அக்கா புது வீடு மந்திரிக்கிறாங்கன்னு ஒரு வேளாங்கண்ணி மாதா படம் வாங்கப் போனேன்.

படம் 45 வெள்ளி (ரிங்கிட்). கண்ணாடி நல்ல கனம், பின்னால அட்டைய டேப் போட்டு ஒட்டாம சின்ன ஆணி அடிச்சு இறுக்கியிருக்காங்க, மாட்டுற கொக்கியும் ரெண்டு. அக்கா பூரிச்சுப் போயிட்டாங்க. தமிழ் பைபிள்ல பெரிய எழுத்து, ஜிப் போட்டது, வயசானவங்களுக்கு நல்லா இருக்கும், ஆனா சொல்லணும்னா ஜிப் மட்டமான ஜிப்பு லா, கடையிலயே சிக்குது. மெழுகுவர்த்தி மினி மார்க்கெட்ட விட வெல கொஞ்சம் கூட.

இனி முக்கியமான விஷயத்துக்கு வரேன். நான் நிக்கும்போது செம்பனை எஸ்டேட்ல வேலை செய்ற இந்தோனேசியாக்காரர் ஒருத்தர் வந்தாரு, ஃபுளோரஸ் தீவாம், அங்க பெரும்பாலும் கத்தோலிக்கருங்க. அவருக்கு மலாய் பைபிள், அல்கிதாப் வேணும். அதுல கடவுளுக்கு 'அல்லாஹ்'ன்னு போட்டிருக்கும், முஸ்லிம்ங்க கைக்குப் போயிடுமோன்னுதான் இங்க அதுக்குப் பிரச்சன. கடைக்கார ஆண்டி மொதல்ல நீ கிறிஸ்தவனான்னு கேட்டாங்க, அவரு சட்டைக்குள்ள இருந்த சிலுவைய எடுத்துக் காட்டினாரு, அப்புறம் ரேக்குல இருந்து எடுத்தாங்க. முன்னட்டையில சிலுவையும் 'பெனெர்பித்தான் கிறிஸ்தியான்'னு (கிறிஸ்தவ வெளியீடுன்னு அர்த்தம்) எழுத்தும் இருக்கு. பில்லு போட்டுக் குடுத்தாங்க.

"ஏன் ஆண்டி, உள்ள வச்சு விக்கலாம்ல, யாராச்சும் வந்து பிரச்சன பண்ணா?"ன்னேன்.

"ஒளிச்சு வச்சு வித்தாதான் தம்பி திருட்டுச் சாமான் மாதிரி ஆயிடும். எனக்கென்ன பயம், சிலுவ இருக்கு, எழுத்து இருக்கு, பில்லு இருக்கு"ன்னாங்க.

அந்த அட்டைக்குப் பின்னால பெரிய கதையே இருக்கு. 2011ல கிள்ளான் துறைமுகத்துலயும் கூச்சிங்லயும் சேத்து 35,000 மலாய் பைபிளுக்கு மேல உள்துறை அமைச்சு புடிச்சு வச்சிருந்துச்சு. சர்ச்சுங்க விடாம கேட்டதுல அந்த வருஷம் ஏப்ரல்ல அரசாங்கம் பத்து அம்சத் தீர்வுன்னு ஒண்ணு குடுத்துச்சு, எந்த மொழியிலயும் பைபிள் கொண்டு வரலாம், தீபகற்பத்துல மட்டும் மலாய் பைபிள் அட்டையில சிலுவையும் அந்த எழுத்தும் இருக்கணும்னு. சரி முடிஞ்சுதுன்னு பாத்தா 2014 ஜனவரி 2, சிலாங்கூர் இஸ்லாமிய இலாகா பெட்டாலிங் ஜெயாவுல பைபிள் சொசைட்டி ஆபீசுக்குள்ள புகுந்து மலாய், இபான் (சரவாக் பூர்வகுடி மொழி) பைபிள் 321 தூக்கிட்டுப் போச்சு. கேட்டா முஸ்லிம்ங்ககிட்ட மத்த மதத்தப் பரப்பக் கூடாதுங்கிற 1988 மாநிலச் சட்டமாம். மத்திய அரசாங்கம் சரின்னு சொல்லுது, மாநில இலாகா வந்து அள்ளிக்கிட்டுப் போகுது, நடுவுல மாட்டுறவன் புத்தகம் வச்சிருக்கிறவன். நவம்பர்லதான் சரவாக் சபைங்ககிட்ட அதைக் குடுத்தாங்க.

எனக்கு ஆர்டர் பண்ண பாட்டுப் புத்தகம் மூணு வாரம் லேட்டு, கோவமா ஆண்டிகிட்ட கேட்டேன், சரவாக்கு ஜில் அயர்லாந்து கேஸ் தெரியுமான்னு சிரிச்சாங்க. 2008ல அந்தக் கிறிஸ்தவ அம்மா கொண்டு வந்த எட்டு சிடிய, 'அல்லாஹ்'ங்கிற சொல் இருக்குன்னு ஏர்போர்ட்ல புடிச்சாங்க, அந்தச் சொல்லுக்குப் போட்ட தடையே தப்புன்னு ஹைகோர்ட் தெளிவா சொன்னது 2021 மார்ச்ல, அரசாங்கம் அப்பீல் போட்டு அப்புறம் 2023ல வாபஸ் வாங்குச்சு. எட்டு சிடி லா! அதுக்கப்புறம் மூணு வாரத்தப் பத்தி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுறது.

சில பேரு சொல்லுவாங்க, நம்ம ஊர்ல சர்ச்சு மணி அடிக்குது, கிறிஸ்மஸுக்கு லீவு, இதுல என்ன அடக்குமுறைன்னு. தமிழ்ப் பூசைக்கு யாரும் தடை போடலதான், அரசியல் சட்டத்தோட 11வது பிரிவு நம்ம மதத்தக் கடைப்பிடிக்க உரிமை குடுக்குது. ஆனா பாஸ்டர் ரேமண்ட் கோவ 2017 பிப்ரவரியில பட்டப்பகல்ல, நடு ரோட்டுல வண்டிய மறிச்சுக் கடத்துனாங்க, இன்னைக்கு வரைக்கும் ஆள் வரல. போலீஸ் ஸ்பெஷல் பிராஞ்சுதான்னு மனித உரிமை ஆணையம் சுஹாக்காம் 2019ல சொல்லுச்சு, அரசாங்கமும் போலீஸும் பொறுப்புன்னு 2025 நவம்பர்ல ஹைகோர்ட்டும் சொல்லிருச்சு. கோயில உடைக்கிறாங்கன்னு 2007ல ரோட்டுல எறங்கின நமக்கு இது புரியாட்டி வேற யாருக்குப் புரியும்?

என் மார்க்கு அஞ்சுக்கு நாலு. ஒண்ணு கொறச்சது ஜிப்புக்கும் ஃபேனுக்கும், உள்ள வேர்த்து ஊத்துது. கார்டு எடுக்க மாட்டாங்க, கியூஆர் இருக்கு. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சுதான் தொறப்பாங்க. ஜூலைல புக்கிட் மெர்த்தாஜாம் செயிண்ட் ஆன் திருவிழாவுக்குப் போறவங்க மெழுகுவர்த்திய ஜூன்லயே சொல்லி வச்சிருங்க, கடைசி வாரத்துல ஒண்ணும் மிஞ்சாது.