ஏற்றத்தில் நிறுத்தினால் ஏஎம்டி கார் எப்படி? கொல்லிமலைப் பாதையில் ஒரு மதிப்பீடு

சென்னை, கோவை நெரிசலில் இடது காலுக்கு ஓய்வு தருகிறது என்பதற்காகவே பலரும் ஏஎம்டி கார் (கிளட்ச் மிதிக்காமலே தானாகக் கியர் மாறும் மேனுவல் கியர்பாக்ஸ் உள்ளது) வாங்குகிறார்கள். ஆனால் அதன் தரம் தெரிவது மலையேற்றத்தில்தான். எங்கள் வீட்டிலிருப்பது 1.0 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட சிறிய ஹேட்ச்பேக். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் அதை ஓட்டிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும்வரை பெரிய குறை இல்லை. வளைவின் நடுவில் கியர் மாறி இழுவை அறுபடாமலிருக்க, மேனுவல் நிலையில் முதல் அல்லது இரண்டாம் கியரில் வைத்துக்கொண்டால் போதும்.

சிக்கல் நிற்கும்போதுதான். மேலிருந்து இறங்கும் பேருந்து வளைவு முழுவதையும் எடுத்துக்கொள்வதால், கீழிருந்து வருபவர் ஏற்றத்திலேயே நின்றாக வேண்டும். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் நின்றால், ஏறக்குறைய 120 கிலோ எடைக்குச் சமமான விசை அதைப் பின்னோக்கி இழுக்கும். ஏஎம்டியில் இருப்பது சாதாரண மேனுவல் காரின் அதே கிளட்சும் கியர்பாக்ஸும்தான். காலுக்குப் பதிலாக ஒரு ஆக்சுவேட்டர் கிளட்சை இயக்குகிறது, அவ்வளவே. பிரேக்கை விட்டதும் காரை மெல்ல நகர்த்தும் கிரீப் வசதி சமதளத்துக்குப் போதும், இந்தச் சரிவுக்குப் போதாது; வலது கால் ஆக்சிலரேட்டருக்கு மாறுவதற்குள் வண்டி பின்னால் உருண்டுவிடுகிறது. அதற்குப் பயந்து ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைத் தாங்கிப் பிடித்தால் கிளட்ச் சூடாகிக் கருகல் வாடை வரும். இந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மீண்டும் அப்படிச் செய்யமாட்டார்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்து, ஆக்சிலரேட்டரை அழுத்தி, வண்டி முன்னே தள்ளுவது இருக்கையில் தெரிந்தபின் ஹேண்ட்பிரேக்கை மெல்ல விடுவதே சரியான முறை.

என் தம்பியின் டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் கார் இதே பாதையில் எவ்வளவோ நிதானமாக நடந்துகொள்கிறது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய் வழியாக விசை கடப்பதால், ஏற்றத்தில் கிளம்பும்போது தேய்வதற்கு அங்கே கிளட்ச் தகடு இல்லை. ஆனால் சரிவில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கைப் போடாமல் லீவரை நேரே 'பி' (பார்க்கிங்) நிலைக்குத் தள்ளினால், காரின் முழுப் பாரமும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சிறு கொக்கியின்மேல் விழும். திரும்ப எடுக்கும்போது லீவர் இறுகிக்கொண்டு டக்கென்ற சத்தத்தோடுதான் விடுபடும். நம் ஊர் ஏஎம்டி கார்களில் 'பி' நிலையே பொதுவாகக் கிடையாது என்பதால், ஹேண்ட்பிரேக்கோடு கியரிலும் போட்டுத்தான் இறங்க வேண்டும்.

விலையையும் மைலேஜையும் பார்த்தால் ஏஎம்டியை நான் இன்னமும் பரிந்துரைப்பேன், ஹில் ஹோல்ட் உள்ள வேரியன்ட் என்றால் மட்டும். பிரேக்கிலிருந்து கால் எடுத்தபின்னும் ஏறத்தாழ இரண்டு விநாடி அது வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. கால் மாற்ற அந்த அவகாசம் தாராளம். ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்குச் சமதளச் சாலையைத்தான் காட்டுவார்கள். அடித்தள வாகன நிறுத்தத்தின் சரிவுப்பாதைக்கு அழைத்துப்போகச் சொல்லி, பாதி ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு பிரேக்கை விட்டுப் பாருங்கள்.